வாசலுக்கு வெளியே நின்றவர்களின் பாடல்

பிற்பகல் ஒரு மணி. இலண்டன் மாநகரின் மையத்தில் உள்ள ஓர் ஆலயத்தினுள் மக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அமர்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் எழுத்தர்கள், ஓய்வுபெற்ற முதியவர்கள், ஊர் பார்க்க வந்த பயணிகள். கடைசி இருக்கையில், தம் உடைமை முழுவதையும் இரண்டு பைகளில் அடக்கிக்கொண்ட வீடற்ற மனிதர் ஒருவர். நுழைவுக் கட்டணம் இல்லை. விரும்பியோர் காணிக்கை இடலாம். பலிபீடத்தின் முன்னே ஒரு பியானோ, அதனருகே பாடகி. சென்ற கோடையில் சில வாரங்கள் அங்கே தங்க நேர்ந்தபோது நான் கேட்ட மதிய இசையரங்கு இது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்ட அந்நிகழ்ச்சி எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

உணவு இடைவேளையில் இசை கேட்கும் வழக்கத்திற்கு அந்நகரில் உருக்கமானதொரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இசையரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் பாதுகாப்பு கருதி வெளியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஓவியங்கள் அகன்ற அந்தக் கூடத்தில், 1939 அக்டோபர் 10 அன்று, பியானோ கலைஞர் மைரா ஹெஸ் மதிய இசையரங்குகளைத் தொடங்கினார். கட்டணம் ஒரே ஒரு ஷில்லிங். குண்டுகள் விழுந்த நாள்களிலும் நிற்காமல், 1946 ஏப்ரல் வரை 1,698 அரங்குகள் நடைபெற்றன. போர் நடந்ததோ ஜெர்மனியோடு; ஆயினும் பாக், பேத்தோவன், ஷூபர்ட் ஆகியோரின் இசை அங்கே இடைவிடாது ஒலித்தது. பகைவரின் மொழி என்று சொல்லி எவரும் அவர்களுக்குக் கதவடைக்கவில்லை.

நான் கேட்ட அரங்கு இரு பகுதிகளைக் கொண்டது: முதலில் கலைப்பாடல்கள், பின்னர் ஜாஸ். கலைப்பாடல் என்பது ஒரு கவிதையைத் தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக இசையமைத்து, ஒவ்வொரு சுரத்தையும் எழுதி வைப்பது. இதில் பியானோ வெறும் பக்கவாத்தியம் அன்று. அதுவும் பாத்திரமேற்றுப் பேசும். ஷூபர்ட் 1814-இல், தம் பதினேழாம் வயதில், கதேயின் 'ஃபாஸ்ட்' நாடகத்திலிருந்து எடுத்து இசையமைத்த இராட்டைப் பாடலே இதற்குச் சான்று. காதலனை எண்ணி ஏங்கும் பெண் இராட்டை சுழற்றுகிறாள். பியானோவின் வலக்கைச் சுரங்களே அச்சக்கரம். அவன் தந்த முத்தம் நினைவுக்கு வந்ததும் சக்கரம் நின்றுவிடுகிறது. பிறகு தயங்கித் தயங்கி மீண்டும் சுழல்கிறது. நம் பாடகியின் குரல் பெண்குரல்களில் உயர்ந்த தாயியாகிய சொப்ரானோ. அந்தத் தயக்கத்தில் அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. மூச்சை அடக்கி நின்றார், நாங்களும் நின்றோம்.

அடுத்து அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'துறவியர் பாடல்கள்' தொகுப்பிலிருந்து சில. இடைக்கால அயர்லாந்தின் துறவியரும் அறிஞரும், சில வேளைகளில் தாம் படியெடுத்த ஏடுகளின் ஓரங்களில், எழுதி வைத்த சிறு கவிதைகளே இவற்றின் மூலம். தன் பூனையோடு தனித்திருந்து மகிழும் துறவியும் இவற்றில் உண்டு. தம் தாயின் துயர் கண்டு சிலுவையில் வருந்தும் ஆண்டவரும் உண்டு. பாடல்களின் தொடக்கத்தில் தாள அளவுக் குறியைப் பார்பர் இடவில்லை. சொல்லின் நடையே தாளத்தை நடத்துகிறது. சிலுவைப் பாடலைப் பாடகி ஏறத்தாழப் பேசுவதுபோலவே பாடினார். அழ வைக்க முயலாததால் நெஞ்சு கனத்தது.

இத்தொகுப்பை 1953-இல் வாஷிங்டனில் முதன்முதலாகப் பாடியவர் லியோன்டைன் பிரைஸ். பியானோ வாசித்தவர் பார்பரே. பிரைஸ், மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. கெர்ஷ்வினின் 'போர்கி அண்ட் பெஸ்' இசைநாடகத்தில் பெஸ்ஸாகவும் அதே காலத்தில் பாடிவந்தவர். கலைப்பாடலையும் ஜாஸ் மணம் கமழும் இசையையும் ஒரே தொண்டையில் தாங்கியவர். எனவே இரண்டையும் ஒரே மேடையில் வைத்ததில் எனக்குக் குறை இல்லை. வைத்த முறையில்தான் குறை.

ஜாஸ் பகுதி, விருந்தின் இறுதியில் பரிமாறப்படும் இனிப்பாக அமைந்தது. பாடகி புன்னகையோடு தோள்களைத் தளர்த்திக்கொண்டார். அவையும் சாய்ந்து அமர்ந்தது. அப்போது வந்தது டியூக் எலிங்டனின் 'கம் சண்டே'. ஞாயிறு வருவதைப் பற்றிய பாடல் அது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை இசையில் கூற முனைந்து, எலிங்டன் 1943 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் அரங்கேற்றிய நெடிய படைப்பின் ஒரு பகுதி. வெள்ளையரின் ஆலயத்துக்குள் நுழைய இயலாத அடிமைகள், ஞாயிறன்று வெளியே நின்று உள்ளே நடக்கும் வழிபாட்டைக் கேட்கும் காட்சி அதில் உள்ளது. அன்று அது வாத்திய இசை; 1958-இல் மகேலியா ஜாக்சன் சொற்களோடு பாடிப் பதிவு செய்தபோது மன்றாட்டாகவே ஆயிற்று.

இத்தகைய பாடலை நம் பாடகி மிக அழகாகப் பாடினார். அதுவே பிழை. ஒவ்வொரு சுரமும் மெருகேறி ஒளிர்ந்தது. சொற்கள் அந்த ஒளியில் மறைந்தன. துறவியின் துயரத்துக்குக் காட்டிய அடக்கத்தை அடிமையின் மன்றாட்டுக்கு அவர் காட்டவில்லை. மீட்டவர் பியானோ கலைஞரே. ஜாஸில் தாளில் இருப்பது எலும்புக்கூடு. தசையைக் கலைஞர் அந்நேரத்தில்தான் தருகிறார். இரண்டாம் சுற்றில் அவர் சுரங்களை ஒவ்வொன்றாகக் குறைத்தார். மௌனத்துக்கு இடம் விட்டார். அதைக் கேட்ட பாடகி தம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைசிச் சில அடிகளில் பாடல் உயிர்பெற்றது. பிறரைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும் அந்தப் பணிவுக்காகவே அவரைப் பாராட்டலாம்.

வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பாடலைப் பலிபீடத்தின் முன் பாடிவிட்டால், அவர்களை உள்ளே அழைத்துவிட்டோம் என்று பொருளாகுமா? இக்கேள்வி இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. வடக்கன்குளத்தில் இரு சாதியார் தனித்தனியே அமர்வதற்கென இரண்டு கூடங்களோடு ஆலயம் எழுப்பிய வரலாறு நம்முடையது. இன்று பறை நம் ஆலயங்களிலும் ஒலிக்கிறது, மகிழ்ச்சியே. ஆனால் ஆயரை வரவேற்கவும் திருவிழாப் பவனிக்கு மெருகூட்டவும் மட்டும் அதை அழைத்து, வழிபாடு தொடங்கியதும் வாசலில் நிறுத்திவிடும்போது, அதுவும் இறுதியில் பரிமாறும் இனிப்பாகவே ஆகிவிடுகிறது. என் பங்கிலும் அப்படித்தான் நடந்துவந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கைதட்டல் ஓய்ந்து, எழுத்தர்கள் கடிகாரத்தைப் பார்த்தபடி விரைந்தார்கள். கடைசி இருக்கை மனிதர் மட்டும் எழவில்லை. அவர் பாடலைக் கேட்டாரா, உறங்கினாரா என்று அறியேன். அவரருகே சென்று கேட்டிருக்கலாம். நானும் கேட்காமலே வெளியேறினேன்.