தொல்லுயிர் டைனோபிளாஜெல்லேட்டு உறைக்கூடுகளின் வகைப்பாடு: புற அமைப்பு என்னும் அளவுகோல் குறித்த மறுநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

டைனோபிளாஜெல்லேட்டுகளின் தொல்லுயிர் எச்சமாகக் கிடைப்பது பெரும்பாலும் அவற்றின் ஓய்வுநிலை உறைக்கூடே. அக்கூட்டின் தோற்றத்தைக் கொண்டு எழுப்பப்பட்ட வகைப்பாடு எவ்விடத்தில் உறுதியாக நிற்கிறது, எவ்விடத்தில் தளர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உறைக்கூடு, தகட்டமைப்பு, வெளியேறு துளை, முள்நீட்சி, இரட்டைப் பெயரிடல்

முன்னுரை

பாறையில் கிடைக்கும் டைனோபிளாஜெல்லேட்டு என்பது கடலில் நீந்திய உயிரன்று. அது விட்டுச்சென்ற கூடு. இரு கசையிழைகளால் நீந்தும் இவ்வொருசெல் உயிரிகளின் செல்லுலோசுத் தகடுகள் செல் இறந்தபின் சிதைந்து மறைகின்றன. பாலினப் பெருக்கத்தை அடுத்துத் தோன்றும் ஓய்வுநிலை உறைக்கூட்டின் சுவரோ டைனோஸ்போரின் என்னும் உறுதியான கரிமப் பொருளால் ஆனது. ஆய்வகத்தின் அமிலங்களையும் அது தாங்குகிறது. இன்று வாழும் இனங்களுள் இத்தகைய கூட்டை உருவாக்குவன சிறுபான்மையே. ஆகவே வகைப்பாட்டாளர் கையில் இருப்பது தொகுதியின் ஒரு பகுதியும், அப்பகுதியின் வாழ்க்கைச் சுழற்சியில் ஒரு கட்டமுமே ஆகும்.

தகட்டின் சுவடு

எரன்பெர்க் 1830களில் தீக்கல் சீவல்களில் இவற்றைக் கண்டபோது, முள் நிறைந்த உருண்டைகளை ஸாந்திடியம் என்னும் பாசிப் பேரினத்தில் சேர்த்தார். 1933இல் ஓட்டோ வெட்செல் அவற்றுக்கு ஹிஸ்ட்ரிகோஸ்பேரா என்னும் பேரினத்தை அமைத்தார். முள் இருப்பதே அன்று உறவின் சான்றாகக் கருதப்பட்டது. 1961இல் வில்லியம் எவிட் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. கூட்டில் காணப்படும் திறப்பு தற்செயலான உடைப்பன்று. உள்ளிருந்த செல் வெளியேறிய வழி என்பதும், அதன் வடிவம் நீந்துநிலைத் தகட்டின் வடிவத்தை ஒத்திருக்கிறது என்பதும் அதனால் தெளிவாயின. ஆர்க்கியோபைல் என வழங்கும் இவ்வெளியேறு துளையே இத்துறையின் உண்மையான திறவுகோல். இத்தகைய சான்று காட்டாத முள்ளுருண்டைகளுக்கு எவிட் 1963இல் அக்ரிடார்க்கு என்னும் தனிப்பெயரை வழங்கினார். அறியாததை அறியாததென்றே பெயரிட்டு ஒதுக்கிய அந்நேர்மை பாராட்டத்தக்கது.

தகட்டுச் சுவடு எல்லாக் கூடுகளிலும் ஒரே அளவில் பதிவதில்லை. ஸ்பினிபெரைட்டிஸ் பேரினத்தில் முள்நீட்சிகள் தகடுகள் கூடும் மூலைகளில் நிற்கின்றன. எனவே தகட்டமைப்பை ஏறத்தாழ முழுமையாக மீட்டுரைக்கலாம். ஒலிகோஸ்பெரிடியத்தில் நீட்சி தகட்டின் நடுவே, தகட்டுக்கு ஒன்றாக அமைகிறது. ஒபர்க்குலோடினியத்திலோ முட்கள் தகட்டைப் பொருட்படுத்தாமல் பரவிக் கிடக்கின்றன. அங்கு உறவுக்குச் சான்றாவது பெரும்பாலும் வெளியேறு துளை ஒன்றே. ஃபென்சம் முதலிய அறுவர் 1993இல் வெளியிட்ட வகைப்பாடு, வாழ்வனவற்றையும் தொல்லுயிர்களையும் தகட்டமைப்பின் அடிப்படையில் ஒரே ஒழுங்கில் நிறுத்தியது. அதன் பெருமை அதுவே, வரம்பும் அதுவே. தகடு புலப்படாத கூடுகளை அவ்வொழுங்கு தன்னுள் ஏற்கும்போது, அவ்விடத்திற்கான சான்று மெலிந்திருப்பதைப் பெயர்ப்பட்டியல் காட்டுவதில்லை.

ஒப்புமையின் ஆபத்துக்கு ஆர்ப்பிலோரஸ் தக்க சான்று. துனிசியாவின் சிலூரியன் படிவிலிருந்து 1964இல் விவரிக்கப்பட்ட இவ்வெச்சம், தகடு போன்ற பிரிவுகளும் துளை போன்ற திறப்பும் உடையதாகத் தோன்றியமையால், மிகப் பழைய டைனோபிளாஜெல்லேட்டு என நெடுங்காலம் எடுத்துக்காட்டப்பட்டது. 2012இல் வெளிவந்த மறுஆய்வு அதனைக் கணுக்காலி விலங்கின் எச்சமெனக் கொண்டது. தகடும் துளையும் தனித்தனியே ஒத்திருப்பது போதாது; துளை தகட்டமைப்பில் தனக்குரிய இடத்தில் அமைந்திருத்தல் வேண்டும்.

முள்நீட்சியும் பெயரும்

தகட்டினும் முள் நம்பத்தகாதது என்பதே இக்கட்டுரையின் கருத்து. லிங்குலோடினியம் மகெரோபோரம் என்னும் கூட்டின் முள்நீட்சி நீளம் கடல்நீரின் உப்புத்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றோடு தொடர்புடையது என 2009இல் மெர்ட்டென்சும் உடனாய்வாளர்களும் காட்டினர். உப்பு குறைந்த கருங்கடலில் நீட்சிகள் குறுகுகின்றன. அதே இனத்தை வளர்ப்பூடகத்தில் பயிரிட்ட ஆய்வு, கூடு உருவாகும் போக்கு இடையில் நின்றாலே மாறுபட்ட முள் வடிவங்கள் தோன்றக் காண்கிறது. அவ்வாறாயின், நீட்சியின் நீளத்தையும் நுனியையும் மட்டும் கொண்டு பிரிக்கப்பட்ட தொல்லுயிர் இனங்களுள் எத்தனை உண்மையில் இனங்கள், எத்தனை கடல்நீரின் பதிவுகள் என்னும் வினா எழுகிறது. அவற்றைப் படிவுகளின் காலத்தை வரையறுக்கப் பயன்படுத்துவோர் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. வாலும் டேலும் 1960களில் உயிருள்ள கூடுகளை முளைக்கச் செய்தபோது, ஸ்பினிபெரைட்டிசின் வெவ்வேறு வடிவங்களிலிருந்து கோனியாலாக்ஸ் ஸ்பினிபெரா குழுவைச் சார்ந்த, தம்முள் பெரிதும் வேறுபடாத செல்களே வெளிப்பட்டன. இங்குக் கூடு தகட்டைவிட நுண்ணியதாகப் பேசுகிறது. பெயரிடல் விதிகள் இச்சிக்கலைத் தீர்க்காமல் தாங்கிக்கொள்கின்றன: கூட்டுப் பேரினமான டியூபர்க்குலோடினியம் (1967), நீந்துநிலைப் பேரினமான பைரோஃபேகஸ் (1883) என்பதோடு உடன் வழங்க இடமளிக்கின்றன. இவ்விரட்டைப் பெயரிடலைக் குறையெனக் கருதுவோர் உளர். ஆயினும் ஒரு பெயருக்குள் அடக்கினால், முளைக்கச் செய்து சரிபார்க்க இயலாத கிரெட்டேசியக் கூட்டுக்கும் வாழும் உயிரின் இயல்புகளை ஏற்றிக்கூற நேரும். அதைவிட இரு பெயர்களே மேல்.

இதனினும் எளிதாகத் திருத்தத்தக்கது விவரிப்பு முறை. "குறுமுள்", "நெடுமுள்" என்று எழுதுவதற்கு மாறாக, அளந்த கூடுகளின் எண்ணிக்கையையும் நீளத்தின் பரவலையும் மைக்ரோமீட்டரில் தருதல் வேண்டும். பாறையைக் கரைத்த அமிலங்களையும் ஆக்சிசனேற்றம் செய்யப்பட்டதா என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். ஆக்சிசனேற்றம் புரோட்டோபெரிடினியத்தின் பழுப்புநிறக் கூடுகளை அழிக்கிறது. சுண்ணக் கூடுகளோ அமிலம் பட்ட அளவிலேயே மறைந்துவிடுகின்றன.