யாருடைய தண்ணீரில் எத்தனை மெகாவாட்?

ஓர் ஆற்றுப் படுகையில் எங்கெங்கே நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று கண்டறியப் பொறியாளர்களிடம் நெடுங்காலமாக ஒரு வழி இருக்கிறது. ஓடும் நீரின் அளவையும் அது விழும் உயரத்தையும் பெருக்கிப் பார்ப்பதுதான் அது. நொடிக்கு ஒரு கன மீட்டர் நீர் ஒரு மீட்டர் கீழே இறங்கினால், இயந்திர இழப்பு போக எட்டு கிலோவாட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். முன்பு நில அளவை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்து செய்த வேலையை இப்போது செயற்கைக்கோள் தரும் உயர வரைபடமும் கணினியும் சில நாட்களில் செய்துவிடுகின்றன. மத்திய மின்சார ஆணையம் 1978 முதல் 1987 வரை நாடு முழுக்க நடத்திய ஆய்வில் 845 இடங்கள் தேறின. சிறு நீர்மின் நிலையங்களுக்கென ரூர்க்கி ஐ.ஐ.டி. தொகுத்த பட்டியலில் 7,000 இடங்களுக்கு மேல் உள்ளன.

இந்த ஆய்வுமுறையை உரசிப் பார்க்கச் சேலம், நாமக்கல் மாவட்டங்கள் நல்ல இடம். சமவெளியில் காவிரி இருக்கிறது: தண்ணீர் உண்டு, உயரம் குறைவு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் ஓடைகள் இருக்கின்றன: உயரம் உண்டு, தண்ணீர் குறைவு. சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். ஊருக்கு அப்படியில்லை.

முதலில் முறையின் வெற்றியைச் சொல்லிவிடலாம். 1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. மின்சாரம் அதன் உபரிப் பயன். அணையடி மின் நிலையம் 1937இல் இயங்கத் தொடங்கியது. 1960களில் சுரங்க மின் நிலையம் வந்தது. இன்று முன்னதன் திறன் 50 மெகாவாட், பின்னதன் திறன் 200 மெகாவாட். அணையை விட்டு வெளியேறிய பிறகும் காவிரி படிப்படியாக இறங்கிக்கொண்டுதான் போகிறது. அந்தச் சரிவை அளந்து பார்த்ததன் பலனாக, 1980களின் பிற்பகுதி தொடங்கி செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை ஆகிய இடங்களில் கதவணைகள் எழுந்தன. பவானி கலந்த பிறகு, பவானி கட்டளை என்ற பெயரில் மேலும் மூன்று கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 30 மெகாவாட். ஏழுக்கும் சேர்த்து 210 மெகாவாட்.

இந்த ஏழின் சிறப்பு என்னவென்றால், இவை யாருடைய தண்ணீரையும் திருப்பவில்லை. டெல்டாவுக்கு எப்படியும் போகிற நீரை வழியில் ஆறேழு மீட்டர் தேக்கி, டர்பைனில் விட்டு, மறுபடி ஆற்றிலேயே சேர்க்கின்றன. பெரிய மலையோ பள்ளத்தாக்கோ இல்லாத சமவெளியில் இவ்வளவு மின்சாரம் ஒளிந்திருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. நீள்வெட்டு அளவையும் நாள்வாரி நீரோட்டப் பதிவும் இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

ஆனால் அதே கதவணைகளில் முறையின் பலவீனமும் தெரிகிறது. மேட்டூரிலிருந்து 20,000 கன அடி திறந்தால் நொடிக்குச் சுமார் 566 கன மீட்டர். ஆறு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்தில் அது 30 மெகாவாட்டைத் தந்துவிடும். குடிநீருக்காக 1,000 கன அடி மட்டும் திறக்கிற கோடையில் அதே உயரத்தில் கிடைப்பது ஒன்றரை மெகாவாட். 15 மெகாவாட் இயந்திரத்தை அந்த நீரில் ஓட்டுவது பொருளற்றது. சரி, வெள்ளம் வந்தால் அள்ளிவிடலாமா என்றால் அதுவும் இல்லை. லட்சம் கன அடி வரும்போது கதவுகளை முழுவதும் தூக்கிவிட வேண்டும். மேல்மட்டமும் கீழ்மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகி, விழுவதற்கு உயரமே இல்லாமல் போகும். ஆகவே ஆறு வற்றினாலும் உற்பத்தி இல்லை, பெருகினாலும் இல்லை. மேட்டூர் அனல் மின் நிலையத்தின் பழைய அலகு ஒன்றின் திறனும் 210 மெகாவாட்தான். ஏட்டில் ஏழு கதவணைகளும் அந்த ஓர் அலகும் சமம். ஆண்டு முடிவில் கிடைக்கும் யூனிட்டுகளில் சமமாக வாய்ப்பில்லை.

ஆய்வறிக்கைகள் இதை அறியாதவை அல்ல. ஆண்டின் எத்தனை சதவீத நாட்களில் எவ்வளவு நீர் ஓடும் என்று காட்டும் வரைகோடும், 90 சதவீத நம்பக ஆண்டு என்கிற கணக்கும் அதற்குத்தான் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இவை நீரை இயற்கையின் கணக்காகப் பார்க்கின்றன. மேட்டூருக்குக் கீழே ஓடுவது இயற்கை நீரோட்டமே அல்ல. மதகில் உத்தரவு போட்டு விடும் நீர். 2023இல் வழக்கப்படி ஜூன் 12 அன்று டெல்டாவுக்கு அணை திறக்கப்பட்டு, இருப்பு கரைந்ததால் அக்டோபரிலேயே மூடப்பட்டது. 2024இல் ஜூன் 12 அன்று திறக்கவே முடியவில்லை. ஜூலை கடைசியில் கர்நாடக அணைகள் நிரம்பி நீர் பாய்ந்துவர, 28ஆம் தேதி திறந்தார்கள். இரண்டே நாளில் அணை 120 அடியைத் தொட்டது. அடுத்த சில நாட்களில் லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியது. இந்த இரண்டு ஆண்டுகளின் சராசரியை எடுத்தால் எந்த ஆண்டிலும் ஓடாத ஓர் ஆறுதான் கிடைக்கும். மேலே மதகைத் திறப்பவரே கீழே உள்ள ஏழு நிலையங்களுக்கும் எசமானர். பட்டியலில் அவை ஏழு தனித்தனி இடங்கள். நடைமுறையில் ஒரே சாவிக்குக் கட்டுப்பட்டவை.

மலைப்பக்கம் கணக்கு தலைகீழாகிறது. கொல்லிமலையின் ஓடைகளில் தடுப்பணை கட்டி, நீரைக் குழாய் வழியே இறக்கி, புளியஞ்சோலை அடிவாரத்தில் 20 மெகாவாட் எடுப்பது மின்வாரியத்தின் திட்டம். 700 மீட்டர் உயரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 20 மெகாவாட்டுக்குச் சுமார் 120 கன அடி நீர் போதும். அதே 120 கன அடி ஒரு கதவணையில் 200 கிலோவாட்டைக்கூடத் தராது. சூத்திரத்தின் கண்ணில் கொல்லிமலை பொன்விளையும் இடம்.

ஆனால் கதவணை செய்யாத ஒன்றை இந்தத் திட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. ஓடை நீர் அணைக்கட்டிலிருந்து மின்நிலையம் வரை குழாய்க்குள் போகிறது. இடைப்பட்ட ஓடைத் தடத்தில் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் என்ன மிஞ்சும்? ஐயாற்றை நம்பி மலையில் வயல் வைத்திருப்பவர்களும், ஆகாயகங்கை அருவிக்கு வருகிறவர்களை நம்பிக் கடை போட்டிருப்பவர்களும், அடிவாரத்து விவசாயிகளும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். பெருக்கல் சூத்திரத்தில் இதற்கு இடமே இல்லை. ஓடையில் கட்டாயம் விட்டுவைக்க வேண்டிய நீர் என்று ஒரு சதவீதத்தைக் கழிப்பதுண்டு. அந்தச் சதவீதம் எந்த மாதத்துக்கு, யாருடைய வயலுக்கு என்பதை ஓடைக்கரையில் கேட்டுத்தான் எழுத முடியும்.

அளவைப் பதிவு இன்னொரு குறை. காவிரிக்கு ஊராட்சிக்கோட்டையிலும் கொடுமுடியிலும் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையங்கள் உள்ளன. அப்படிப்பட்ட நீண்ட பதிவு மலையோடைகளுக்குக் கிடைப்பது அரிது. எனவே மழை அளவையும் மண்வகையையும் சரிவையும் கொண்டு மாதிரியில் நீரோட்டத்தை ஊகிக்கிறார்கள். முதல் சல்லடைக்கு இது போதும், முதலீட்டுக்குப் போதாது. சேர்வராயனில் பிறக்கும் சரபங்காவையும் திருமணிமுத்தாற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அழகான கிளைநதிகள். வழியிலே ஏரிகள், தடுப்பணைகள், ஆழ்துளைக் கிணறுகள். சேலம் நகரைத் தாண்டும் திருமணிமுத்தாற்றில் கோடையில் ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. மாதிரி இதையும் நீரோட்டம் என்றுதான் எண்ணும்.

சரபங்காப் படுகையில் வேறொரு முரணும் இருக்கிறது. மேட்டூர் உபரிநீரால் 100 ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாய்த் திட்டம் போட்டு, திப்பம்பட்டியில் நீரேற்று நிலையம் அமைத்தார்கள். நீர் இறங்கினால் மின்சாரம் வருகிற அதே ஆற்றில், மின்சாரம் செலவழித்து நீரை ஏற்றுகிறோம். இதில் தவறில்லை, வறண்ட ஏரிக்கு நீர்தான் முதல் தேவை. ஆனால் படுகையை முழுதாக மதிப்பிடும் எவரும் உற்பத்தியை ஒரு பக்கமும் ஏற்றச் செலவை மறுபக்கமும் எழுத வேண்டும். நீர்மின் பட்டியலில் பற்று வைக்கப் பக்கமே கிடையாது.

கட்டிய பிறகு முளைக்கும் உரிமைகளும் கணக்கில் வருவதில்லை. நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிய நீரில்தான் இக்கரைப் பூலாம்பட்டிக்கும் அக்கரைக்கும் விசைப்படகு ஓடுகிறது. பராமரிப்புக்காக நீரை வடிக்கும்போது படகு நின்றுவிடும்; மக்கள் பாலத்தைத் தேடிச் சுற்றிப் போகிறார்கள். தேங்கிய நீரில் ஆகாயத்தாமரை படர்வதும், குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் சாயக்கழிவு தங்கி நாறுவதும் மெகாவாட் பட்டியலுக்கு வெளியே நிற்கும் செலவுகள்.

இதற்காக ஆய்வையே கைவிடச் சொல்லவில்லை. சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பெருகப் பெருக, மாலை நேரத் தேவைக்கு உடனே எழுந்து ஓடும் நீர்மின்சாரத்தின் மதிப்பு கூடவே செய்யும். நான் சொல்வது வரிசையை மாற்றுங்கள் என்பதுதான். இன்றைய அறிக்கை மெகாவாட்டில் தொடங்கி, பாசனம், குடிநீர், சூழல் என்று கடைசி அத்தியாயத்தில் முடிகிறது. ஒவ்வோர் இடத்துக்கும் முதல் பக்கத்தில் மூன்று செய்திகள் இருக்கட்டும்: மிக வறண்ட ஆண்டில் மாதவாரியாக எத்தனை யூனிட், அந்த நீரில் ஏற்கெனவே பாத்தியதை உள்ளவர்கள் யார், மதகு யார் கையில். ஜேடர்பாளையம் ராஜ வாய்க்காலை நம்பி வாழையும் வெற்றிலையும் வைத்திருக்கும் பரமத்திவேலூர் விவசாயி இதில் முதல் வரியில் வர வேண்டியவர், ஆட்சேபணை மனுவில் அல்ல.

இந்தக் கேள்விகளை வைத்தால் ஏழு கதவணைகளும் குறைந்த மதிப்பெண்ணிலாவது தேறிவிடும், தண்ணீரைப் பறிக்காமல் பயன்படுத்துவதால். கொல்லிமலை போன்ற திட்டங்கள் மாதவாரிக் கணக்கைக் காட்டித் தம்மை நிரூபிக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பல இடங்கள் உதிரலாம். உதிர்வது பேனா அளவில் நடந்தால் நட்டம் சில தாள்கள். கான்கிரீட் போட்ட பின் நடந்தால் அந்தக் கடனை மின்கட்டணத்தில் கட்டப்போவது நாம்தான்.