பாடத்திட்டமும் பாடப்பட்டியலும்

உயர்கல்வியின் தரம் பற்றி நம் நாட்டில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாது பேசப்பட்டு வருகிறது. தரத்தை அளப்பதற்கு ஓர் அவை உண்டு. அதனை உயர்த்துவதற்கு மாநிலம் தோறும் மன்றம் உண்டு. கல்லூரிதோறும் அதற்கெனத் தனிக் குழு உண்டு. ஆயினும், பட்டம் பெற்று வெளிவரும் ஒரு மாணவரின் கையில் அவர் துறையைச் சார்ந்த, அவர் இதுவரை கண்டிராத ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அதனைப் படித்துப் பொருள் சொல்வாரா என்னும் எளிய வினாவுக்கு இவற்றுள் எதனிடமும் நேரான விடை கிடைப்பதில்லை. அவ்வினாவை உரைகல்லாகக் கொண்டு, பாடத்திட்டங்களைச் சீர்செய்ய அண்மையில் எடுக்கப்பட்ட முயற்சிகளை மதிப்பிடுவது இங்கு நோக்கமாகும்.

2023-24 கல்வியாண்டுக்கெனத் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வகுத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களும் அவற்றைச் சார்ந்த கல்லூரிகளும் ஏற்குமாறு வலியுறுத்தியது. ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. தன்னாட்சிக் கல்லூரிகள், தம் பாடத்தைத் தாமே வகுக்கும் உரிமைக்காகவே தன்னாட்சி அளிக்கப்பட்டது என்று சுட்டிக்காட்டின. தமிழகத்தில் அவ்வுரிமை 1978 முதல் நடைமுறையில் இருப்பது. அன்றைய உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் ஏற்கலாம் என்று தளர்த்தினார். ஆளுநரோ, பொதுப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை என்று துணைவேந்தர்களுக்கு எழுதினார். கல்வியைப் பற்றித் தொடங்கிய விவாதம் அதிகாரம் யாருக்கு என்ற விவாதமாக முடிந்தது.

மன்றத்தின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தென்காசி மாவட்டத்தின் வடகிழக்கே, கரிசல் நிலமும் தீப்பெட்டித் தொழிலும் சார்ந்த திருவேங்கடத்தை எடுத்துக்கொள்வோம். அவ்வூர் மாணவி சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோ கல்லூரியில் சேர்ந்தால் 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்தைப் படிப்பார். அதே மாணவி சிவகாசிக்கோ இராஜபாளையத்துக்கோ பேருந்து ஏறினால் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பாடத்தைப் படிப்பார். இடையில் கல்லூரி மாற நேர்ந்தால் ஒரு பாடத்தை இரண்டாம் முறை படிக்கவும், மற்றொன்றைப் படிக்காமலே விடவும் நேரலாம். பட்டத்தின் பெயர் சற்று மாறியிருந்தாலும் அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது இணைத்தன்மைச் சான்று கேட்கப்படுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறுபவருக்கு இது சிறிய இடர் அன்று. பொதுப் பாடத்திட்டம் இவ்விடரைக் குறைக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இடர் நீங்குவது வேறு. தரம் உயர்வது வேறு. எல்லாக் கல்லூரிகளும் ஒரே நூற்பட்டியலைப் பயன்படுத்துவதால் மாணவர் கூடுதலாக அறிவர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. பாடத்திட்டத்தில் நான்கு கூறுகள் அடங்கும்: எதற்காகக் கற்பிக்கிறோம், எதைக் கற்பிக்கிறோம், எப்படிக் கற்பிக்கிறோம், கற்றதை எப்படி அறிகிறோம். இவற்றுள் இரண்டாவதை மட்டும் எடுத்து அச்சிட்டால் கிடைப்பது பாடப்பட்டியலே. 2023இல் நடந்த விவாதத்தில் இரு தரப்பாரும் பெரும்பாலும் பட்டியலுக்காகவே வாதிட்டனர்.

பட்டியல் பாடத்திட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் என்ன நேரும் என்பதை அறிய நாம் வெளியே செல்ல வேண்டியதில்லை. அரபிக் கல்லூரிகளின் வரலாறே போதும். லக்னோவின் ஃபிரங்கி மஹலில் பாடம் நடத்திய முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) 1748இல் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் ‘தர்ஸே நிஜாமி’யே இந்தியாவின் பெரும்பாலான மத்ரஸாக்களுக்கு அடித்தளமாயிற்று, வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தும் அம்மரபில் வந்ததே. அப்பாடமுறையின் உயிர் நூல்களில் இல்லை. ஒவ்வொரு கலைக்கும் சுருக்கமும் கடினமும் வாய்ந்த ஓரிரு நூல்களே தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றை வரிவரியாக அவிழ்க்கப் பழகிய மாணவர், பிறகு அக்கலையின் எந்த நூலையும் ஆசிரியர் துணையின்றிப் படித்துக்கொள்வார் என்பதே கருத்து. முன்கூட்டியே பாடத்தைப் பார்த்து வரும் ‘முதாலஆ’, ஆசிரியர் முன் ‘இபாரத்’ வாசித்தல், பின்னர் தோழர்களோடு திருப்பி உரைக்கும் ‘தக்ரார்’ ஆகிய மூன்றும் அந்நோக்கத்துக்கு ஏற்ற வழிகளாக அமைந்தன.

பின்வந்தோர் நோக்கத்தை விட்டுப் பட்டியலைப் பற்றிக்கொண்டனர். தர்க்கக் கலையை எடுத்துக்கொள்வோம். முஹிப்புல்லாஹ் பிஹாரியின் ‘ஸுல்லமுல் உலூம்’ ஒன்றே மாணவரின் அறிவைக் கூர்மையாக்கப் போதுமானது. அதன்மேல் முல்லா ஹஸன், ஹம்துல்லாஹ், காழி முபாரக் எனத் தம் ஆசிரியர்களின் பெயராலேயே வழங்கும் உரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடமாயின. உரை பெருகியது, மூலத்தைத் தானே அவிழ்க்கும் பயிற்சி குறைந்தது. எந்த நூல் எதற்காகச் சேர்ந்தது, பயன் முடிந்தபின் ஏன் நீக்கப்படவில்லை என்று கேட்பதற்கு ஓர் அமைப்பு இல்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின் 1894இல் கான்பூரில் கூடிய நத்வத்துல் உலமாவின் மாநாட்டில்தான் பாடத்திட்டச் சீர்திருத்தம் முதன்மைப் பொருளாக எழுந்தது. அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) போன்றோர் எவ்வளவு முயன்றும், பழகிய பட்டியலை மாற்றுவது எத்துணைக் கடினம் என்பதை அதன் பிற்கால வரலாறு காட்டும்.

இப்படிப்பினையோடு இன்றைய தர மதிப்பீட்டை நோக்குவோம். பல்கலைக்கழக மானியக் குழு 1994இல் பெங்களூரில் நிறுவிய தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவை (நாக்), கல்வி நிறுவனங்களை ஏழு அளவுகோல்களால் அளந்து வந்துள்ளது. 2017இல் திருத்தப்பட்ட முறைப்படி பல்கலைக்கழகங்களுக்குரிய 1000 மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு 250, கற்றல் கற்பித்தலுக்கு 200, பாடத்திட்டத்துக்கு 150 ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ எழுபது விழுக்காடு எண்ணிக்கைத் தரவுகளாலும், எஞ்சியது நேரில் வரும் குழுவின் கணிப்பாலும் தீர்மானிக்கப்பட்டது.

பாடத்திட்டம் என்ற தலைப்பில் கேட்கப்பட்ட வினாக்களுள் ஒன்று: கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை விழுக்காட்டுப் படிப்புகளில் பாடம் திருத்தப்பட்டது? இவ்வினாவுக்கு ஒரு எண்ணை விடையாகத் தந்துவிடலாம். எது நீக்கப்பட்டது, ஏன் நீக்கப்பட்டது, அதனால் மாணவர் அடைந்த பயன் யாது என்பதை அவ்வெண் சொல்லாது. ஓர் அலகை இரண்டாம் பருவத்திலிருந்து மூன்றாம் பருவத்துக்கு மாற்றியதும் திருத்தமே. ஒரு துறையையே புதிதாகச் சிந்தித்ததும் திருத்தமே.

கற்றலின் விளைவை அளப்பதாகச் சொல்லப்படும் பகுதி இதனினும் கவனத்துக்குரியது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு விளைவுகளை எழுதி, அவற்றைப் படிப்பு முழுமைக்குமான விளைவுகளோடு கட்டம் போட்டு இணைத்து, கட்டங்களில் 1, 2, 3 என்று எண் இடுகின்றனர். விளைவு எட்டப்பட்டதா என்பது பெரும்பாலும் மாணவர் அகமதிப்பீட்டிலும் பருவத் தேர்விலும் பெற்ற மதிப்பெண்ணிலிருந்தே கணக்கிடப்படுகிறது. எனவே வினாத்தாள் மனப்பாடத்தைக் கேட்டால், ‘ஆராயும் திறன்’ என்ற தலைப்பின் கீழும் மனப்பாடமே அளக்கப்படும். தராசு எத்துணை நுட்பமானதாயினும், தட்டில் வைக்கப்பட்ட பொருளைத்தான் அது நிறுக்கும்.

ஆவணமே தரமாகும்போது ஆவணத்துக்கு விலையும் பிறக்கிறது. 2025 பிப்ரவரியில், ஆந்திர மாநிலத்தின் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு மிக உயர்ந்த தரம் வழங்குவதற்காகக் கையூட்டுப் பெற்றதாகக் குற்றம் சாட்டி, மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் உள்ளிட்ட பலரை மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. வழக்கின் தீர்ப்பு நீதிமன்றத்துக்கு உரியது. ஆயினும் அதற்கு ஓராண்டு முன்னரே, 2024 ஜனவரியில், எழுத்துத் தரங்களை விடுத்து, தரச்சான்று உண்டு அல்லது இல்லை என்ற முறைக்கு மாறுவதாக அவ்வவை அறிவித்திருந்தமை, பழைய ஏணியின் குறை அதனைச் செய்தவர்களுக்கும் புலப்பட்டுவிட்டதைக் காட்டுகிறது. ஏணியை மாற்றுவதாலும் பயனில்லை, ஏறுவது காகிதமாகவே இருக்குமாயின்.

இதனால் இழப்பு யாருக்கு? கல்லூரியின் வாயிலில் கட்டப்பட்ட பதாகையில் உள்ள எழுத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கே. திருவேங்கடத்துத் தீப்பெட்டித் தொழிலாளிக்கு வேறு அளவுகோல் கிடையாது. மூன்று ஆண்டுகளின் கட்டணமும், பிள்ளை ஈட்டியிருக்கக்கூடிய கூலியும் அந்த ஓர் எழுத்தை நம்பிச் செலவாகின்றன. அந்நம்பிக்கைக்கு ஈடாகப் பல்கலைக்கழகம் தர வேண்டியது திறன். சான்றிதழ் அதன் அடையாளம் மட்டுமே.

தீர்வுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. முதலாவதாக, ஒவ்வொரு வினாத்தாளிலும் ஒரு பகுதி பாடநூலில் இல்லாத பொருளிலிருந்து கேட்கப்படுதல் வேண்டும். அரபி மாணவருக்கு ஹரகத் இடப்படாத ஒரு புதிய பக்கம். பொருளியல் மாணவருக்கு ஓர் ஊராட்சியின் ஆண்டுக் கணக்கு. வரலாற்று மாணவருக்கு ஒரு பழைய பத்திரம். இவ்வொரு மாற்றம் வகுப்பறையின் போக்கையே மாற்றும்; ஏனெனில் தேர்வு எவ்வழியோ கற்பித்தலும் அவ்வழி.

இரண்டாவதாக, மதிப்பிட வருவோர் கோப்புகளை விட விடைத்தாள்களைப் படித்தல் வேண்டும். பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் வேறொரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் விடைத்தாள்களைப் பார்த்து அறிக்கை தரும் புறத் தேர்வாளர் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழக்கில் உள்ளது. நம் மத்ரஸாக்களிலும் வெளியூர் ஆலிம் ‘மும்தஹினாக’ வந்து, நூலில் தாம் விரும்பிய இடத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லும் வழக்கம் உண்டு. பத்து நிமிடத்தில் மாணவரின் நிலையும், அவர்தம் உஸ்தாதின் உழைப்பும் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, பாடத்தை வகுக்கும் குழுவில், சார்பு நிலைக் கல்லூரிகளின் ஆசிரியர் சுழற்சி முறையில் கணிசமாக இடம்பெறுதல் வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் லண்டனை முன்மாதிரியாகக் கொண்டு, பாடம் நடத்தாது தேர்வு மட்டுமே நடத்தும் அமைப்பாகத் தோன்றியது. வகுப்பது ஓரிடம், கற்பிப்பது வேறிடம் என்ற பிளவு அன்று முதல் தொடர்கிறது. ஒரு நூலைச் சேர்த்தாலும் நீக்கினாலும் அதற்கான காரணத்தை எழுதி வெளியிடுவதும் கடமையாக்கப்படல் வேண்டும். காரணம் எழுதப்பட்டிருந்தால்தான், அது காலாவதியானதைப் பின்வருவோர் அறிவர். தர்ஸே நிஜாமிக்கு வாய்க்காமற்போனது இதுவே.

இவ்வளவும் பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லும் நாம், அரபிக் கல்லூரிகளுக்கும் சொல்லியாக வேண்டும். நம்மிடம் ஆளை நேரில் சோதிக்கும் மரபு இருக்கிறது. பாடத்தைக் குறித்த காலத்தில் மறுபரிசீலனை செய்யும் மரபு இல்லை. பல்கலைக்கழகத்தாரிடம் பின்னது உண்டு, முன்னது தேய்ந்துவிட்டது. அஃப்ஸலுல் உலமா போன்ற தேர்வுகளின் வழியே இரு உலகங்களும் நெடுங்காலமாகச் சந்தித்து வருகின்றன. அச்சந்திப்பு சான்றிதழ்களின் இணைத்தன்மையோடு நின்றுவிட்டது. முறைகளும் கைமாறியிருந்தால் இரு சாராரும் பயன்பெற்றிருப்பர்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை பட்டியலைப் புரட்டுவது எளிது. பட்டம் பெற்றவரின் கையில் ஒரு புதிய பக்கத்தைக் கொடுத்துக் காத்திருப்பது கடினம். வாசிக்க இயலாது அவர் தயங்கும் அக்கணம் கற்பித்தவர்களையும் விசாரிக்கும். அவ்விசாரணைக்கு உடன்படும் நிறுவனமே தரம் என்ற சொல்லைத் தன் வாயிலில் எழுதிவைக்கத் தகுதியுடையது.