இரட்டைத்தலை நாணயம்: ‘ஷோலே’ காட்டும் நட்பும் தியாகமும்

1975 ஆகஸ்ட் 15ஆந் திகதி வெளியான ‘ஷோலே’ என்னும் இந்தித் திரைப்படத்தை வெறும் சண்டைப்படமென ஒதுக்கிவிடுவது எளிது. ரமேஷ் சிப்பி நெறிப்படுத்தி, சலீம்–ஜாவேத் இரட்டையர் எழுதிய அப்படத்தில் நட்பும் காதலும் தியாகமும் எத்தகைய சமூக உறவுகளின்மீது கட்டப்பட்டுள்ளன என்பதே ஆராயத்தக்கது.

ஜெய், வீரு ஆகிய இருவரும் நிலமோ குடும்பமோ அற்ற உதிரிகள்; கூலி பேசப்பட்டே ராம்கட் கிராமத்திற்கு வருகின்றனர். அவர்களை அமர்த்தும் தாக்கூர், ஊரின் பெருங்குடியினர். முன்னாள் பொலிஸ் அதிகாரியுங்கூட. (ஊராதிக்கமும் அரசும் ஓருடலிற் குடியிருக்கும் இவ்வமைப்பைத் திரைக்கதை ஐயுறுவதேயில்லை.) கொள்ளையன் கப்பர் சிங்கிற்குத் தானியம் அளக்கும் ஊரவர் தாமாகத் திரண்டெழுவதில்லை.

அவ்விருவரின் ஒரே உடைமை நட்பு. ஆதலினாலேயே பாலத்தருகே ஜெய் நாணயத்தைச் சுண்டும் காட்சி நம்மை உலுக்குகின்றது. இருபுறமும் தலையே பொறித்த நாணயம் அது. ஊழின் தீர்ப்பென வீரு நம்பியது நண்பனின் தெரிவே என்பது ஜெய் இறந்தபின்னரே புலப்படுகின்றது. வணிகச் சினிமா மனிதச் செயலை விதியாக்கிக் காட்டுவதே வழக்கம். இங்கு விதியெனத் தோன்றியது மனிதச் செயலாக வெளிப்படுகின்றது. படத்தின் தலைசிறந்த இடம் இதுவே.

ஆயின் அதே மரணம் இன்னொரு காரியத்தையும் ஆற்றுகின்றது. ஜெய் விரும்பிய ராதா, தாக்கூரின் விதவை மருமகள். மறுமணத்திற்குத் தாக்கூர் இசைந்து, அவள் தந்தையின் சம்மதத்தையும் பெற்றுவிடுகிறார். கொள்கையளவில் வழங்கிய அவ்வுரிமையை நடைமுறையில் வழங்கவேண்டிய தருணத்தில் மணமகன் இறந்துபோகிறான். ராதா சன்னலை மூடுகிறாள். குதிரைவண்டி ஓட்டிப் பிழைக்கும் பசந்தியின் காதலோ நிறைவேறுகின்றது. அதனால் எவ்வழமையும் குலைவதில்லையல்லவா? படத்தின் முடிவும் இவ்வாறே ஒழுங்குக்கு உட்படுத்தப்பட்டது. தாக்கூர் கப்பரைக் கொல்வதாக முதலில் எடுக்கப்பட்ட காட்சி, அவசரநிலைக் காலத் தணிக்கையினால், பொலிசார் வந்து கைதுசெய்வதாக மாற்றப்பட்டது.

பசந்தியை மணமுடித்துத் தரக்கோரி, வீரு தண்ணீர்த் தாங்கியின்மேல் ஏறித் தற்கொலை மிரட்டல் விடுக்கும் நகைச்சுவைக் காட்சி புகழ்பெற்றது. அந்நீரை யார் அள்ளலாம், யார் அள்ளலாகாது என்ற வினா ராம்கட்டில் எழுவதேயில்லை. புங்குடுதீவின் வரலாற்றை அறிந்தோர்க்கு இம்மௌனம் உறுத்தவே செய்யும். நன்னீர் அரிதான அத்தீவில், தாழ்த்தப்பட்ட மக்கள் கிணற்றில் நீரள்ளும் உரிமைக்காக 1971இல் நடந்த சத்தியாக்கிரகத்தில் எழுத்தாளர் மு. தளையசிங்கம் பங்குகொண்டு பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார், 1973இல் மறைந்தார். ஜெய்யின் தியாகம் இருவரிடையே நிலவும் அன்பின் எல்லையைத் தாண்டாமலே உன்னதம் பெறுகின்றது. கிணற்றடியில் வேண்டப்பட்டதோ ஊராதிக்கத்தைப் பகைத்துக்கொள்ளும் தோழமை.

முற்போக்கு விமர்சகரோடு ஓயாது வாதிட்டவர் தளையசிங்கம். அவருடைய ‘மெய்யுள்’ கோட்பாட்டை மார்க்சியவாதி ஏற்பதற்கில்லை, இக்கட்டுரையாளரும் ஏற்கவில்லை. எனினும் ஆன்மிகவாதி என்ற ஒரு சொல்லில் அவரை மதிப்பிட்டு முடிப்போர், அக்கிணற்றடியில் சாதியும் வர்க்கமும் எவ்வாறு பிணைந்துநின்றன என்பதை இனித்தான் எழுதவேண்டும்.