மீட்டியாருக்கு எந்த ஷாக்?

க்ரூஸர் பைக்கில் கால்கள் முன்னே நீண்டிருக்கும். பள்ளம் வரும்போது எழும்பிக் குலுக்கலை முழங்காலில் வாங்கிக்கொள்வது கடினம். எல்லாம் இடுப்புக்கே போய்ச் சேரும். ஆகவே பின் ஷாக் அப்சார்பரை மாற்றுவதை அலங்காரச் செலவோடு சேர்க்க எனக்கு மனமில்லை.

2020 நவம்பரில் வந்த ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350-ஐ எடுத்துக்கொள்வோம். எடை 191 கிலோ. பின்னால் எமல்ஷன் வகை ஷாக் இரண்டு. பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை, ஆறு படிகளில் மாற்றலாம், வேறெதையும் மாற்ற முடியாது. ஒல்லியானவர் தனியே போவதற்கும், இருவர் மூட்டையோடு போவதற்கும் அதே ஸ்பிரிங்.

பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் இறுகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். அது தவறு. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் தடிமனிலும் சுற்றுகளின் அகலத்திலும் எண்ணிக்கையிலும் இருக்கிறது. பிரீலோட் தீர்மானிப்பது வண்டி எவ்வளவு தாழ்ந்து அமர்கிறது என்பதைத்தான். ஆள் ஏறியதும், பின்சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்க வேண்டும். டேப்பும் துணைக்கு ஒருவரும் போதும், வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம். ஆறு படிகளிலும் இந்த அளவு கிட்டவில்லையா? ஸ்பிரிங் உங்கள் எடைக்கு உரியதல்ல. அளவு சரியாக இருந்தும் வேகத்தடை தாண்டியபின் பின்பக்கம் இரண்டு மூன்று தரம் துள்ளினால், கோளாறு ரீபவுண்டில், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப விரிவதை அடக்கும் தணிப்பில். இரண்டும் இல்லையென்றால் பழைய ஷாக்கே இருக்கட்டும்.

டப்பா வைத்த கேஸ் ஷாக்குக்குத்தான் மவுசு அதிகம். எமல்ஷனில் ஆயிலும் வாயுவும் ஒரே அறையில் இருப்பதால், கரடுமுரடான சாலையில் நெடுநேரம் ஓடினால் ஆயில் சூடேறி நுரைத்துப் பிடி தளரும். நைட்ரஜனைத் தனி டப்பாவில், மிதக்கும் பிஸ்டனால் பிரித்து வைத்தால் அந்தத் தொல்லை குறையும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் நிதானமாக ஓட்டும் 349 சிசி வண்டியில் ஆயில் அவ்வளவு சூடேறும் நாட்கள் குறைவு. பணம் முதலில் ஸ்பிரிங்குக்குப் போகட்டும்.

நீளத்தில் கை வைக்க வேண்டாம். நீளமான ஷாக் வால்பக்கத்தைத் தூக்கும். ஹேண்டில் லேசாகித் திரும்பும், நேர்சாலையின் அமைதி குறையும், சைடு ஸ்டாண்டில் வண்டி அதிகமாகச் சாயும். குட்டையானதைப் போட்டால் வளைவில் ஃபுட்ரெஸ்ட் சீக்கிரம் தரையில் உரசும்.

அசல் நீளம், எடைக்கேற்ற ஸ்பிரிங், திருகி மாற்றும் ரீபவுண்ட், பிரித்து ஆயிலும் சீலும் மாற்றக்கூடிய அமைப்பு: டப்பா இல்லாவிட்டாலும் இதைத்தான் வாங்கச் சொல்வேன். உங்கள் எடையைக் கேட்காமலே பெட்டியை எடுத்து நீட்டும் கடையில் வாங்காதீர்கள்.