இரண்டு வலது கை ராஜா

பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும். டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், இடிக்கிற தொகையை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியாக எழுதி வைப்போம். 'இந்த இடம் எனக்குப் புரியவில்லை சார்' என்ற ஒப்புதல் வாக்குமூலம் அது.

ரோம் நகரில் 2024-ல் வைக்கப்பட்ட கான்ஸ்டன்டைன் சிலையின் படங்களில் நான் தேடியது அந்த அக்கவுன்ட்டைத்தான்.

நாலாம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி. உட்கார்ந்த நிலையிலேயே 13 மீட்டர்; தி.நகர் அபார்ட்மென்ட் என்றால் நாலு மாடி. மிஞ்சியவை தலை, கை, முழங்கால், பாதம் என்று சில பளிங்குத் துண்டுகள். பெரும்பாலானவை 1486-ல் கிடைத்தன. மாட்ரிட்டில் இருக்கும் ஃபேக்டம் ஃபவுண்டேஷன், 10 துண்டுகளை ஸ்கேன் செய்து, ரெசின், பளிங்குத்தூள், தங்க ரேக்கு எல்லாம் சேர்த்து முழு ராஜாவையே உட்கார வைத்துவிட்டது. காணாமல் போன உடம்புக்கு மாதிரி, ஜூபிடர் கோலத்தில் இருக்கும் கிளாடியஸ் என்ற இன்னொரு ராஜாவின் சிலை.

அசத்தல்தான். ஆனால், மிஞ்சிய துண்டுகளில் வலது கை மட்டும் இரண்டு இருக்கிறது! நடுவில் கையை மாற்றியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்களின் ஊகம். புதுச் சிலைக்கோ ஒரே வலது கை. அந்தத் தங்கப் போர்வையில் சந்தேகத்தின் சுருக்கம் ஒன்றுகூடக் காணோம்.

இருந்தும் பாஸ் மார்க் போடுகிறேன். காரணம், அசல் துண்டுகளில் யாரும் கை வைக்கவில்லை. அதே மியூசியத்தில், சற்றுத் தள்ளி, உடைந்தது உடைந்தபடியே இருக்கின்றன. பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

நம்ம எழும்பூர் மியூசியத்தில் நடந்தது வேறு. ஆந்திராவின் அமராவதி புத்த ஸ்தூபியை 1845-ல் வால்டர் எலியட் தோண்டி, சிற்பங்களை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். 1859-ல் 121 கற்கள் லண்டனுக்குக் கப்பலேறின. பிறகு இங்கே வந்து சேர்ந்த கற்களை, 1880-களில் மியூசியச் சுவரில் சிமென்ட் பூசிப் பதித்துவிட்டார்கள். பர்ஜெஸ் என்ற தொல்லியல் அதிகாரி அப்போதே கத்தினார். கேட்கவில்லை. சிமென்ட்டில் போன சுண்ணாம்புக்கல்லைச் சேதமில்லாமல் பிரிப்பது லேசா?

இத்தனைக்கும் அமராவதிக்கு உடம்பு கடன் வாங்கவே வேண்டாம். அங்கிருந்த கற்பலகைகளிலேயே ஸ்தூபியைக் குட்டியாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள் அந்தச் சிற்பிகள். பிளான் கையிலேயே இருக்கிறது. கற்கள்தான் எழும்பூரில் கொஞ்சம், லண்டனில் கொஞ்சம், அமராவதியில் கொஞ்சம்.

மூன்று இடத்திலும் ஸ்கேன் எடுத்து, சிமென்ட் இல்லாமல், திரையில் சேர்த்துப் பார்க்கலாமே? ஒரே ஒரு வேண்டுகோள். தெரியாத இடத்தைக் காலியாகவே விடுங்கள்.

டேலி ஆகாத கணக்கைக் கண்டு ஆடிட்டர் பயப்பட மாட்டார். அடித்துப் பிடித்து டேலி ஆக்கிய கணக்கைப் பார்த்தால்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்!