மணல் தூவி ஏறும் ரயில்

டார்ஜிலிங் போகிறவர்கள் கஞ்சன்ஜங்காவைப் பார்க்க விடியுமுன்னே டைகர் ஹில்லுக்கு விரைகிறார்கள். மேகம் விலகினால்தான் சிகரம் தெரியும். எந்த மேகமும் மறைக்க முடியாத அதிசயம் ஒன்று ஊருக்குள்ளேயே ஓடுகிறது: அந்தச் சின்ன ரயில்.

வெள்ளைக்காரர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள இடம் தேடிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1835-இல் சிக்கிம் மன்னரிடமிருந்து இந்த மலைமுகட்டைப் பெற்றது. பின்னால் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. அரிசி மேலே ஏறவும் தேயிலை கீழே இறங்கவும் மாட்டுவண்டி போதவில்லை. 1881-இல் சிலிகுரியிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது.

தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி. ஊட்டி ரயிலுக்கு இருப்பதுபோல் பல்சக்கரம் இதற்குக் கிடையாது, சுரங்கப்பாதையும் கிடையாது. செங்குத்தான இடத்தில் ரயில் முன்னே போய் நிற்கும், பின்பக்கமாகவே அடுத்த மேட்டில் ஏறும், மறுபடி முன்னே கிளம்பும். வேறோர் இடத்தில் சுற்றி வளைந்து தன் பாதையையே மேலே ஏறிக் கடக்கும்.

நீராவி இஞ்சின் என்றால் அதன் முகப்பைப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்கள், பனியில் நனைந்த தண்டவாளத்தில் கையாலேயே மணல் தூவுவார்கள். சக்கரம் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையம்வரை ஏறிவந்தது இந்தப் பிடிமானத்தில்தான்.

1999-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. மலையைக் குடையாமல், அதன் வளைவுகளுக்கு இணங்கியே ஏறிய இந்தப் பொறியியலுக்கு அந்த மரியாதை முற்றிலும் தகும்.